பிடித்து வைப்பதன் ஹக்கு: திரைவிழா இருக்கையும் நோயுற்ற பூனைக்குட்டியும்



டிசம்பர் பிறந்தால் நம் வீடுகள் சிலவற்றில் இரண்டு கேள்விகள் ஒரே வாரத்தில் எழுகின்றன. சென்னையில் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்குகிறது. கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ விழாவின் அனுமதி அட்டையோடு வந்து நிற்கிறார்கள். அதே நாட்களில், மாடிப்படியின் கீழே தாய்ப்பூனை ஈன்ற குட்டிகளுள் ஒன்று வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கிறது. முதல் கேள்விக்கு, "அது கூடுமா, கூடாதா" என்ற வாதம் இஷா தொழுகை வரை நீளுகிறது. இரண்டாம் கேள்விக்கோ, "மீன்கடைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு" என்ற ஒற்றை வாக்கியத்தில் விடை முடிந்துவிடுகிறது.

இவ்விரு விடைகளும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்பதே நம் வாதம். ஆகுமானதா ஆகாததா என்று தீர்ப்புரைப்பதில் நமக்கு இருக்கும் சுறுசுறுப்பு, "இங்கே யாருடைய ஹக்கு நம் கையில் இருக்கிறது" என்று கேட்பதில் இல்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு ஹக்கு உண்டு. கண்ணில் பீளை கட்டிக் கிடக்கும் குட்டிக்கும் ஒரு ஹக்கு உண்டு. இரண்டையும் "அற்ப விஷயம்" என்று ஒதுக்கும் பெரியவர்களைக் கண்டு வளரும் பிள்ளைகள், மார்க்கம் என்பது தடைகளின் பட்டியல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தை அவர்கள் நெஞ்சில் விதைத்தவர்கள் நாமே அன்றி வேறு யாருமல்லர்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். திரைப்படம் பார்ப்பதன் சட்டத்தை இங்கே தீர்மானிக்க நாம் முற்படவில்லை. உலமாக்களிடையே அதில் முற்றான மறுப்பும் உண்டு; நிபந்தனைகளோடு கூடிய இளக்கமும் உண்டு. தத்தம் ஆலிமிடம் கேட்டு அவரவர் நடந்துகொள்ளட்டும். ஆனால், "அங்கே போகிறவனுக்கு அதபு என்ன வேண்டிக் கிடக்கிறது" என்று ஏளனம் செய்வோரின் கூற்றை நம்மால் ஏற்க இயலாது. போகத் தகாத இடம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே போன ஒருவன் பக்கத்தில் இருப்பவனின் காலை மிதிக்கலாம் என்று எந்த ஆலிமாவது சொல்வாரா? மற்றொரு மனிதனின் உரிமை, நாம் அமர்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்துக் கூடிக் குறைவதன்று.

நம் இளைஞர்கள் இவ்விழாக்களை நாடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரே ஒரு சோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கூடம் செல்லும் மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) போன்ற ஈரானியப் படங்களை நம் ஊர்த் திரையரங்குகள் வழக்கமாகத் திரையிடுவதில்லை. அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ (1987) படத்தில், வகுப்புத் தோழனின் குறிப்பேட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட ஒரு சிறுவன், அதை உரியவனிடம் சேர்ப்பதற்காக அடுத்த ஊர்த் தெருக்களில் அலைகிறான். கதை அவ்வளவுதான். பிறர் பொருள் தன் கையில் தங்கிவிட்டதே என்ற அச்சுறுத்தல் அந்தச் சிறுவனை ஓட வைக்கிறது. நாம் அதற்கு அமானத் என்று பெயரிட்டிருக்கிறோம், பெயரிட்டதோடு நின்றும்விட்டோம்.

மஜ்லிஸின் அதபு

2003இலிருந்து நடைபெற்று வரும் சென்னை விழாவானாலும், 1996இல் தொடங்கித் திருவனந்தபுரத்தில் நிலைபெற்றுவிட்ட கேரள விழாவானாலும், கூட்டம் மிகுந்த காட்சிகளில் அனுமதி அட்டை மட்டும் இருக்கைக்கு உறுதியாகாது. முந்தி வந்தவருக்கே இடம் என்ற முறை நடக்கும் அரங்கில் நம்மவர் செய்வது என்ன? பேருந்துச் சன்னல் வழியே துண்டு போடும் பழக்கத்தை அங்கும் கொண்டு செல்கிறார்கள். ஒருவர் முன்னதாகச் சென்று, தோள்பையை ஓர் இருக்கையிலும் தண்ணீர்ப் போத்தலை மற்றோர் இருக்கையிலும் துப்பட்டாவை மூன்றாவதிலும் விரித்துவிடுகிறார். யாருக்காக என்று கேட்டால், மாமா மெட்ரோவில் வந்துகொண்டிருக்கிறாராம்! ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவர் படிக்கட்டில் அமர்ந்து பார்க்கிறார். வராத மாமாவின் இருக்கையில் தண்ணீர்ப் போத்தல் படம் பார்க்கிறது.

இதைக் கண்டிப்பதற்கு மேற்கத்திய நாகரிகத்தை நாம் துணைக்கழைக்க வேண்டியதில்லை. சபைகளில் பிறருக்கு இடமளித்து விரிந்து கொடுக்குமாறு அல்முஜாதலா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் முஃமின்களை ஏவுகிறது. ஒருவரை அவர் இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டு அங்கே அமருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததைப் புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஒரு தேவைக்காக எழுந்து சென்று திரும்பி வருபவருக்கே அவ்விடத்தில் கூடுதல் உரிமை என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் சொல்கிறது. ஆகவே, கழிவறைக்குச் சென்றவருக்காகப் பையை வைத்துக் காப்பது நியாயம். இன்னும் வீட்டிலிருந்தே புறப்படாதவருக்காக வைப்பது பிடித்து வைத்தல். எழுந்து சென்றவரின் உரிமைக்கும் வராதவரின் பேராசைக்கும் உள்ள வேறுபாட்டை நம் மார்க்கம் 14 நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டது.

சேர்ந்து அமர்ந்திருக்கும் இருவரை அவர்களுடைய அனுமதியின்றிப் பிரித்து நடுவில் அமராதிருத்தல், ஜும்ஆவில் மக்களின் பிடரிகளைத் தாண்டிக்கொண்டு முன்னே செல்லாதிருத்தல், பச்சைப் பூண்டு தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வராதிருத்தல் ஆகிய அனைத்தும் ஒரே சிந்தனையிலிருந்து பிறந்த கட்டளைகள். அருகிலிருப்பவர்க்கு நம்மால் துன்பம் நேரக் கூடாது. குத்பாவையும் திரைப்படத்தையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம், அல்லாஹ் காப்பானாக. குத்பாவின்போது பேசுகிறவரை நோக்கி "பேசாதே" என்பதும் வீண்பேச்சாகும் என்று கற்ற சமுதாயத்துக்கு, இருண்ட அரங்கில் மௌனம் காப்பது கடினமாக இருக்கலாகாது என்றுதான் சொல்கிறோம். படத்தின் துணைத்தலைப்புகளை உம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டும் பிள்ளையின் அன்பை மதிக்கிறோம். அந்த அன்பின் விலையை முன்வரிசைக்காரர் கொடுக்கிறார் என்பதையும் நினைவூட்டுகிறோம். (அத்தர் பூசுவது சுன்னத்துதான். ஆனாலும் மூடிய குளிர்சாதன அரங்கினுள் அரைப்புட்டியைக் கவிழ்த்துக்கொண்டு செல்வது எந்தச் சுன்னத்தில் சேரும் என்று நமக்குத் தெரியவில்லை.)

குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விழாப் படங்கள் பெரும்பாலும் தணிக்கைச் சான்றிதழிலிருந்து விலக்குப் பெற்றே திரையிடப்படுகின்றன. வெட்டப்படாத காட்சிகள் வரும். 18 வயது நிறையாதோரைப் பல விழாக்கள் அனுமதிக்காததும் இதனால்தான். "ஈரானியப் படம்தானே, சிறுவன் கதைதானே" என்று நம்பிப் பத்து வயதுப் பிள்ளையை அழைத்துச் சென்று, வாயிற்காவலரிடம் வாதிடுவது முறையன்று. கதைச்சுருக்கம் விழாக் கையேட்டில் முன்கூட்டியே அச்சாகிறது. அதைப் படிக்காமல் சென்று அமர்ந்துவிட்டு, ஒவ்வாத காட்சி வந்ததும் அரங்கமே திரும்பிப் பார்க்க உரத்த குரலில் "அஸ்தஃபிருல்லாஹ்" சொல்லி எழுவோர் உண்டு. அந்தத் திக்ரு யாருக்காகச் சொல்லப்படுகிறது? பார்வையைத் தாழ்த்துவதற்கு ஓசை வேண்டியதில்லை. குனிந்து, ஓரமாக, கைப்பேசி வெளிச்சம் இன்றி வெளியேறினால் போதும்.

மஃரிபு குறித்தும் ஒரு சொல். டிசம்பரில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 5.45 மணிக்கு மறைகிறது. இஷா ஏறத்தாழ 7 மணிக்கு நுழைகிறது. 5 மணிக்குத் தொடங்கும் இரண்டு மணி நேரப் படம் மஃரிபை முழுதாக விழுங்கிவிடும். அந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கணக்கிட வேண்டியவர் நாம்; பாதியில் பதினைந்து பேரின் முழங்காலைத் தாண்டிச் சென்றுவிட்டு, மறுபடியும் பதினைந்து முழங்கால்களைத் தாண்டி வந்து அமருவது நம் தொழுகையின் சுமையைப் பிறர் மேல் ஏற்றுவதாகும். போய்த்தான் தீர வேண்டுமெனில் நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கையில் அமருங்கள். தொழுகை விரிப்பை வரிசை நகரும் நடைவழியில் விரிக்காதீர்கள்.

படம் முடிந்த பின் இயக்குநரோடு நடைபெறும் உரையாடலைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கேள்வி கேட்பதாக ஒலிவாங்கியை வாங்கிப் பத்து நிமிடம் பிரசங்கம் செய்வோர் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு என்றாலும், பயான் கேட்டே வளர்ந்த நமக்கு அந்தப் பழக்கம் சற்று அதிகம்.

ஓர இருக்கையில் அமர்ந்தவர்

அரங்கின் இருளில் திரும்பத் திரும்ப ஒளிரும் ஒரு கைப்பேசியைக் கண்டு எரிச்சலடையாதவர் இல்லை. ஆனால், அதை வைத்திருப்பவர் எல்லாரும் விளையாட்டுக்குப் பார்ப்பவர் அல்லர். சிலருக்கு வீட்டில் நோயாளி இருக்கிறார். சிலருக்கு அந்த நோயாளி ஒரு பூனைக்குட்டி. "குட்டி இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை" என்று தங்கை செய்தி அனுப்புகிறாள். இவர் இருளிலேயே விடை எழுதுகிறார். ஐந்து நிமிடத்தில் மற்றொரு செய்தி. இப்படி ஒன்றரை மணி நேரம் அவர் படத்தையும் பார்க்கவில்லை, குட்டியையும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரையும் பார்க்க விடவில்லை.

இத்தகையவருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. எழுந்து வீட்டுக்குப் போங்கள். ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டு, அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணி, நீட்டித் தொழ நினைத்த தொழுகையையே நபி (ஸல்) அவர்கள் சுருக்கிக்கொண்டார்கள். தொழுகையே ஓர் உயிரின் தவிப்புக்காகச் சுருங்கக் கூடுமெனில், ஒரு திரைக்காட்சியைப் பாதியில் விடுவதில் என்ன இழப்பு? இரவும் பகலும் வணக்கத்தில் மூழ்கியிருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடுத்துவிடுமாறு ஸல்மான் (ரலி) அவர்கள் சொன்னதையும், நபி (ஸல்) அவர்கள் அதை உண்மை என்று உறுதிப்படுத்தியதையும் புகாரீயில் காண்கிறோம். அரங்கில் இருக்கும்போது அரங்கத்தாரின் ஹக்கு. வீட்டில் நோய் இருக்கும்போது நோயாளியின் ஹக்கு. இரண்டையும் பாதி பாதியாகக் கொடுப்பது இரண்டையும் மறுப்பதாகவே முடிகிறது.

கட்டிவைத்த பெண்மணி

பூனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எடுத்துக்காட்டும் ஹதீஸ் ஒன்று உண்டு. ஒரு பெண்மணி பூனையொன்றைக் கட்டிவைத்தாள், உணவளிக்கவில்லை, பூமியின் சிறு உயிர்களைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. அதன் காரணமாக நரகம் சென்றாள். நம் மிம்பர்களில் இது பூனையிடம் இரக்கம் காட்டுங்கள் என்ற பொதுவான அறிவுரையாகச் சுருங்கிவிட்டது. இரக்கக் குறைவு மட்டுமா அங்கே குற்றம்? பிடித்து வைத்துக்கொண்டு, பிடித்ததற்கு உரிய பொறுப்பை மறுத்ததே குற்றம். பையை வைத்து இருக்கையைப் பிடித்து வைத்தவரின் செயலும் இதே வடிவத்தில்தான் இருக்கிறது. அளவு மட்டுமே வேறு. தானும் பயன்படுத்தவில்லை, பிறருக்கும் விடவில்லை.

"அப்படியானால் விட்டுவிடுவது சரிதானே? நாங்கள் மீன்கடையில் விட்டுவிட்டோம்" என்று ஒருவர் வாதாடக் கூடும். அவிழ்த்து விட்டால் இரை தேடக் கூடிய பூனையைப் பற்றியது அந்த ஹதீஸ். ஆறு வாரக் குட்டி, மூக்கடைத்து, கண் ஒட்டி, பேதியில் நீர் வற்றி நடக்கவும் இயலாமல் கிடப்பது எதைத் தேடித் தின்னும்? அதை விடுவது விடுதலையன்று. கண்காணா இடத்தில் கட்டிவைப்பது. நாட்டின் சட்டமும் இதை அறிந்திருக்கிறது. பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இன்னும் சிலர் பள்ளிவாசல் வாசலில் அட்டைப்பெட்டியோடு வைத்துவிட்டுச் செல்கிறார்கள். அல்லாஹ்வின் வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்களாம்! அந்த ‘யாராவது’ எப்போதும் முஅத்தின்தான். சொற்ப ஊதியத்தில் குடும்பம் நடத்தும் அவர், நம் பிள்ளைகள் விளையாடிச் சலித்த உயிர்களுக்குத் தம் கைக்காசில் பால் வாங்குகிறார். சகுனம் பார்ப்பது இணைவைப்பில் சேர்க்கும் என்று கூறிப் பூனை குறுக்கே போனால் திரும்பி நடப்பவரைப் பழிக்கும் நாம், அந்தப் பூனையின் குட்டியைப் பெட்டியில் அடைத்துப் பிறர் வாசலில் வைக்கிறோம்.

குட்டிக்கு என்ன செய்வது

கண்டனத்தோடு நிறுத்திக்கொள்வது எளிது. குட்டி பிழைக்க வேண்டுமே. பூனையின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், மனிதருடையதைவிட அதிகம். தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று காய்ச்சலாக எண்ணி, பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பாரசிட்டமால் மருந்தில் இரண்டு சொட்டு ஊற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. இது கொலைக்கு ஒப்பானது. பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதிய அளவில் இல்லை. இரத்தச் சிவப்பணுக்கள் பழுதடைந்து, ஈறுகள் பழுப்பேறி, மூச்சுத் திணறும். வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொல்லக் கூடும். மனிதருக்கான எந்த மருந்தையும் கால்நடை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். குட்டி கிடக்கும் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். அந்த வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கும்.

சூட்டைவிடக் குளிர்ச்சிதான் அஞ்சத்தக்கது. காதும் பாதமும் சில்லிட்டிருந்தால் உடனே வெதுவெதுப்பு வேண்டும். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்கட்டும். உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்கு உணவு ஊட்டக் கூடாது. அதன் குடல் அப்போது எதையும் செரிக்காது. முதலில் சூடு, பிறகே உணவு. பசும்பாலும் உகந்ததன்று, அதிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் பேதியை மிகுவிக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை வாங்கிக் கரைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வயிறு கீழே இருக்க, தலை சற்றே உயர்ந்திருக்க, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே ஊட்ட வேண்டும்.

சளியும் கண்பீளையும் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். மூக்கடைத்த பூனை வாசனை தெரியாததால் உண்ணாது. மசாலா இன்றி அவித்த மீனைச் சற்றுச் சூடாக வைத்தால் வாசனை எழுந்து நாட்டம் வரக் கூடும். பால் மறந்து திட உணவு தின்னத் தொடங்கிய குட்டிக்கு மட்டும் இது. வாந்தியும் பேதியும் சேர்ந்து, குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலை தொங்க அமர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள். தடுப்பூசி போடாத குட்டிகளை விரைவில் மாய்க்கும் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோயாக அது இருக்கலாம். மனிதருக்கு அது தொற்றாது. வெள்ளையணுக்கள் சரிந்து, நீர்ச்சத்து வற்றிச் சாகும் அக்குட்டிக்கு மருத்துவமனையில் ஏற்றும் திரவமே உயிர். நம் சமையலறையில் அதற்கு வைத்தியம் இல்லை. சென்னையில் இருப்போர்க்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஏனைய ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டுமே அவை என்று நம்மவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

"நஜீஸ் ஆகிவிடும், தொழ முடியாது" என்பது அடுத்த தடை. அபூகதாதா (ரலி) அவர்கள் தாம் உளூச் செய்யவிருந்த பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்து, பூனை அசுத்தமன்று, உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்னும் நபிமொழியை எடுத்துரைத்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உண்டு. பூனை வாய்வைத்த நீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது. ஹனஃபீ மத்ஹபில் மக்ரூஹ் என்ற அளவில் நிற்கிறது. சிறுநீரும் மலமும் வாந்தியும் நஜீஸ்தான். கழுவினால் போய்விடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் யாரும் தொழுகையை விட்டுவிடுவதில்லையே!

நோய்ப்பயத்தில் நியாயம் உண்டு, அதையும் மறைக்கவில்லை. கடித்தாலோ கீறினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி குறித்துக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைக் கையாளக் கூடாது. அதில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, மலம் வெளியேறி ஒரு நாளேனும் கழிந்த பின்னரே தொற்றும் தன்மையை அடைகிறது. வேறொருவர் தினந்தோறும் அகற்றிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும்.

அந்த ‘வேறொருவர்’ யார்? நம் வீடுகளில் விழாவுக்குச் செல்பவர் ஆண். பேதியைத் துடைப்பவர் பெண். குட்டியைத் தெருவிலிருந்து தூக்கி வந்து "பாவம், வைத்துக்கொள்வோம்" என்று சொன்னவர் மகன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து சிரிஞ்சில் பால் ஏற்றுபவர் உம்மா. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் சென்றார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தூக்கி வந்தவருக்கே முதல் கடமை. ஷாஃபிஈ சட்டநூல்களில் மனைவி மக்களுக்குரிய நஃபகாவைப் பேசும் பாடத்திலேயே, வளர்க்கும் விலங்குக்குரிய நஃபகாவும் பேசப்படுகிறது. கொடுக்க மறுப்பவரை ஆட்சியாளர் வற்புறுத்தலாம் என்ற அளவுக்கு அந்தச் சட்டம் செல்கிறது.

"ஏழை மனிதன் பட்டினி கிடக்கையில் பூனைக்கா செலவழிப்பது" என்று கேட்போர் பெரும்பாலும் ஏழைக்கும் கொடுப்பவர் அல்லர் என்பது நம் அனுபவம். தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் முகந்து, வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்த மனிதரின் பாவம் மன்னிக்கப்பட்டபோது, ஸஹாபாக்களும் விலங்குகளின் பொருட்டும் எங்களுக்குக் கூலி உண்டா என்று வியந்து கேட்டார்கள். ஈரமான ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிரிலும் கூலி உண்டு என்று விடை கிடைத்தது. அவ்விடையை ஏற்ற முன்னோர் அதை அமைப்பாகவும் ஆக்கினர். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நலனுக்காக விட்டுச் சென்றார். 19ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், தோட்டம் கைமாறிப் போன பிறகும் காழியின் பொறுப்பில் நீதிமன்ற முற்றத்தில் பிற்பகல்தோறும் பூனைகளுக்கு உணவு வழங்கப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். இன்றைய இஸ்தான்புல் நகரத் தெருப்பூனைகளைப் பற்றி ஜெய்தா டோருன் எடுத்த ‘கெடி’ (2016) என்ற ஆவணப்படத்தைப் பார்த்து நெகிழாதவர் குறைவு. நெகிழ்ந்து, கைதட்டி, வெளியே வந்து, வாகன நிறுத்தத்தில் சக்கரத்தடியில் ஒடுங்கிய குட்டியை ஹாரன் அடித்து விரட்டுவோரும் குறைவல்லர்.

நம் மஹல்லாக்களில் குர்பானித் தோலுக்குக் கணக்கு இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்குக் குழு இருக்கிறது. பள்ளிவாசல் வளாகத்துப் பூனைகளுக்குத் தடுப்பூசி போட ஆண்டுக்கு ஒரு தடவை கால்நடை மருத்துவரை அழைக்க ஜமாஅத்துக்கு என்ன தடை? ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி. பின்னர் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும் வரை. திரைவிழாவுக்கு ஆண்டுதோறும் அட்டை வாங்கும் இளைஞர்களே இதன் செலவையும் அலைச்சலையும் ஏற்கலாம்; வரிசையில் நின்று பழகியவர்கள், மருந்தக வரிசையிலும் நிற்கட்டும்.

எல்லாம் செய்தும் குட்டி இறந்துபோகலாம். குப்பைத் தொட்டியில் எறியாமல், பிள்ளைகள் காண ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். வாந்தி பேதியால் இறந்த குட்டியின் துணியையும் பெட்டியையும் அப்புறப்படுத்துங்கள். அது கிடந்த தரையை முதலில் சோப்பு நீரால் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 32 பங்கு நீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடியும் கழுவ வேண்டும். பான்லூகோபீனியா வைரஸ் ஓராண்டு வரை அவ்விடத்தில் உயிர்ப்போடு இருக்கக் கூடியது. ஆகவே பிள்ளைகள் அழுகிறார்களே என்று மறுநாளே மற்றொரு குட்டியைத் தூக்கி வந்துவிடாதீர்கள். தடுப்பூசித் தவணைகள் முடிந்த பூனையாக இருந்தால் மட்டும் வீட்டினுள் சேர்த்துக்கொள்ளுங்கள்.